பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஜெர்மன் கார்களுக்கான சின்ன ஒர்க்‌ஷாப் ஒன்றை நடத்துகிறேன். புது வண்டி வாங்குபவர்கள் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடுவார்கள். என்னிடம் வருவது பெரும்பாலும் வாரண்டி முடிந்த வண்டிகள், இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிகள். ஆயில் பற்றி அவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, 5டபிள்யூ-30னா என்ன? பனியே இல்லாத ஊருக்கு அந்த ‘டபிள்யூ’ எதுக்கு?

டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த அளவுகோல் இது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியிலும் எஞ்சினைச் சுழல விடும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும். 0டபிள்யூ என்றால் மைனஸ் 35-இல். பின்னால் வரும் எண் சூடான எஞ்சினுக்கானது. 100 டிகிரியில் அளந்தால் 30 ஆயிலின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) வரை இருக்கும், 40 ஆயில் 12.5 முதல் 16.3 வரை.

மைனஸ் 30 நமக்கு ஊட்டியில்கூட வராது, சரி. ஆனால் காலையில் வெளியே 25 டிகிரி இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். 100 டிகிரியில் ஓட வேண்டிய ஆயில் அப்போது பல மடங்கு கெட்டியாகக் கிடக்கும். அது (வால்வுகளைத் திறந்து மூடும்) கேம் ஷாஃப்ட்டுக்கும் டர்போவுக்கும் போய்ச் சேரும் வேகத்தில் முன் எண்ணுக்கும் ஓரளவு பங்கு உண்டு.

டப்பாவுல ‘புல்லி சிந்தெட்டிக்’னு போட்டிருந்தா போதும்ல?

போதாது. அந்தச் சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே அர்த்தம் கிடையாது. ஆயிலின் அடிப்படை எண்ணெயைக் குரூப்களாகப் பிரிப்பார்கள். கச்சா எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுப்பது குரூப் 3. ரசாயன முறையில் மூலக்கூறைக் கட்டிச் செய்வது பி.ஏ.ஓ. எனப்படும் குரூப் 4. குரூப் 3-ஐ சிந்தெட்டிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று மொபிலும் காஸ்ட்ராலும் அமெரிக்காவில் மோதி, 1999-இல் ‘செய்யலாம்’ என்று விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சொல்லிவிட்டது. ஜெர்மனியில் மட்டும் இதில் கண்டிப்பு அதிகம்.

குரூப் 3 மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஆயில்கள் பலவும் அதில்தான் செய்யப்படுகின்றன. முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம். நமக்கு வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

அப்போ பின்பக்கம் எந்த நம்பரைப் பார்க்கணும்?

கார் கம்பெனியின் அப்ரூவல் எண்ணை. ஒவ்வொரு கம்பெனியும் தன் எஞ்சினில் ஆயிலைப் போட்டு ஓட்டிச் சோதித்து, தேறியவற்றுக்கு ஓர் எண் தருகிறது. பிஎம்டபிள்யூவில் லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04, அப்புறம் புது எஞ்சின்களுக்கு லாங்லைஃப்-17 எஃப்ஈ+ என்று போகும். பென்ஸில் 229.5, 229.51, 229.52, 229.71. ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மூன்றுக்கும் ஃபோக்ஸ்வாகன் எண்கள்தான்: 502 00, 504 00/507 00, 508 00/509 00. போர்ஷேவில் ஏ40, சி30, சி20. ஜாகுவார் லேண்ட்ரோவர் எண்கள் எஸ்.டி.ஜே.எல்.ஆர். என்று தொடங்கும். வால்வோவுக்கும் சொந்த எண் உண்டு.

இது ஏன் 5டபிள்யூ-30 என்பதைவிட முக்கியம்? ஒரே 5டபிள்யூ-30 பெயரில் இரண்டு வேறு ஆயில்கள் இருப்பதால்தான். 150 டிகிரி வெப்பத்தில், பேரிங் இடுக்கில் நசுங்கும் நேரத்தில் ஆயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்று ஓர் அளவு உண்டு, எச்.டி.எச்.எஸ். என்பார்கள். ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த தரத்தில் சி3 வகை 5டபிள்யூ-30 என்றால் இது 3.5-க்குக் குறையக் கூடாது. ஏ5/பி5 வகை 5டபிள்யூ-30 என்றால் 2.9-இலிருந்து 3.5-க்குள் இருந்தால் போதும். லாங்லைஃப்-04 கேட்கும் எஞ்சினில் இரண்டாவதை ஊற்றினால் கடைக்காரர் ‘அதே கிரேடுதாங்க’ என்பார். கிரேடு அதேதான், ஆனால் எஞ்சின் கேட்டது அதை இல்லை.

இதுல ‘மீட்ஸ் பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04’னு இருக்கு. அப்ரூவல்னு இல்ல. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

என் கவுன்டரில் அதிகம் வாக்குவாதம் நடப்பது இந்தக் கேள்விக்குத்தான். ‘எம்பி-அப்ரூவல் 229.51’ என்று அச்சிட்டிருந்தால் அந்த ஆயிலை பென்ஸ் சோதித்து எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘மீட்ஸ்’, ‘சூட்டபிள் ஃபார்’, ‘ரெகமண்டட் ஃபார்’ என்பதெல்லாம் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. பரீட்சை எழுதிப் பாஸானவனுக்கும், ‘எழுதியிருந்தால் பாஸாகியிருப்பேன்’ என்பவனுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது ஆள் பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை. அப்ரூவல் வாங்கச் செலவாகும், காலம் பிடிக்கும். சிறிய கம்பெனிகள் அதைத் தவிர்ப்பது உண்டு. ஆனால் எஞ்சினைத் திறந்தால் சில லட்சம் ஆகும் வண்டியில் அந்த நம்பிக்கையை நான் வைக்க மாட்டேன். சில டப்பாக்களில் தந்திரமும் இருக்கும்: மேலே ‘அப்ரூவல்ஸ்’ என்று போட்டு ஒரே ஒரு எண், கீழே ‘பெர்ஃபார்மன்ஸ் லெவல்’ என்று போட்டு ஒன்பது எண்கள். உங்கள் எண் எந்தத் தலைப்புக்குக் கீழே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால், பென்ஸுக்கு ‘பெவோ’ என்ற பொதுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அப்ரூவல் பெற்ற ஆயில்களின் பெயர் எண்வாரியாக அதில் உண்டு.

வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், புக் இல்ல. என் எண் எது?

பானெட்டைத் திறந்து முதலில் உள்ளே ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கார் கம்பெனியின் இணையதளத்தில் மேனுவலை எடுக்கலாம், அல்லது சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் கேட்கலாம். மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘320டி’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு எஞ்சின்கள் வந்திருக்கின்றன. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பென்ஸின் 4 சிலிண்டர் ஓஎம்651 டீசலுக்குச் சுமார் 6.5 லிட்டர், வி6 ஓஎம்642-க்கு 8 லிட்டர் அளவுக்குப் போகும். ஐந்து லிட்டர் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து ‘மீதியைக் கொடுத்திடுங்க’ என்று நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்கே! நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்தினா எஞ்சினுக்கு நல்லதுதானே?

அம்பாஸடர் காலத்து அறிவுரை இது. அந்த எஞ்சினுக்குச் சரி. இன்றைய எஞ்சினில் ஆயில் வெறும் மசகு மட்டும் இல்லை. கேம் ஷாஃப்ட்டை முன்னே பின்னே நகர்த்துவது, டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பது எல்லாம் ஆயில் அழுத்தத்தால் நடக்கிறது. துளைகள் மெலிசு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றும். அதன் சூட்டை வெளியே கொண்டுவருவதும் ஓடும் ஆயில்தான்.

வெளி வெயில் 40 டிகிரியானாலும் எஞ்சினுக்குள் ஆயிலின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் கூலரும்தான் தீர்மானிக்கின்றன. கையில் ஊற்றிப் பார்ப்பது 30 டிகிரியில். எஞ்சின் பார்ப்பது 100-க்கு மேல். மேனுவலே 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40-ஐ அனுமதித்தால், அதே அப்ரூவல் எண்ணில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் கோடையில் அது பிடிக்கும். பிஎம்டபிள்யூவின் பழைய எம்3, எம்5 எஞ்சின்கள் சில 10டபிள்யூ-60 கேட்கும், அது அவற்றுக்கென்றே வைத்த விதி. பக்கத்து வீட்டு 3 சீரிஸுக்கு அதைக் கடன் வாங்கக் கூடாது.

டீசல் வண்டிக்கு ‘லோ சாப்ஸ்’னு கேட்கச் சொன்னாங்க. அது என்ன சாப்ஸ்?

சல்பேட் சாம்பல், பாஸ்பரஸ், சல்ஃபர் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்தால் சாம்பலாக மிஞ்சும். டீசல் புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப். அந்தக் கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். சாம்பலை எரிக்க முடியாது. அது அடுப்படியில் தங்குவது போல உள்ளேயே தங்கிவிடும்.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு லிட்டர் ஆயில் ஏறத்தாழ 850 கிராம். 0.8 சதவீதச் சாம்பல் உள்ள சி3 ஆயில் ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 7 கிராம் சாம்பல். 1.5 சதவீதம் உள்ள ஏ3/பி4 ஆயில் என்றால் கிட்டத்தட்ட 13 கிராம். டி.பி.எஃப். விலையை ஷோரூமில் கேட்டவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை. பென்ஸில் 229.51, 229.52, ஃபோக்ஸ்வாகனில் 507 00, பிஎம்டபிள்யூவில் லாங்லைஃப்-04 எல்லாம் இந்தக் குறைந்த சாம்பல் வகை.

குறைவான சாம்பல்னா பெட்ரோல் வண்டிக்கும் அதையே ஊத்தலாம்ல?

பல வண்டிகளில் ஊற்றலாம், சிலவற்றில் யோசிக்க வேண்டும். சாம்பல் தரும் அதே கால்சியம்தான் ஆயிலில் சேரும் அமிலத்தை முறிக்கிறது. பெட்ரோலில் கந்தகம் அதிகமென்றால் அமிலமும் அதிகம், அந்தச் சேமிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் ஐரோப்பாவுக்கு வெளியே பெட்ரோல் எஞ்சின்களுக்கு லாங்லைஃப்-04 வேண்டாம், லாங்லைஃப்-01 போடுங்கள் என்று பிஎம்டபிள்யூ நெடுநாள் சொல்லிவந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 எரிபொருள் நாடெங்கும் வந்து, கந்தகம் 50 பி.பி.எம்.-இலிருந்து 10-க்கு இறங்கிவிட்டது. பழைய பயம் பெருமளவு போய்விட்டது. இருந்தாலும் 2012 மாடல் பெட்ரோல் 5 சீரிஸுக்கு லாங்லைஃப்-01 கிடைத்தால் நான் அதைத்தான் ஊற்றுகிறேன். அந்த வண்டியில் காப்பாற்ற வேண்டிய ஃபில்டர் எதுவும் இல்லை.

ஐரோப்பாவுல 30,000 கி.மீ. ஓட்றாங்களாமே. இங்க ஏன் பத்தாயிரத்துல மாத்தச் சொல்றீங்க?

ஃபோக்ஸ்வாகனின் லாங்லைஃப் திட்டத்தில் 30,000 கி.மீ. அல்லது 2 ஆண்டு வரை அங்கே அனுமதி உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு அது. கி.மீ.யை மறந்து மணிக்கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. சராசரியில் 10,000 கி.மீ. ஓட எஞ்சின் 125 மணி நேரம் உழைக்கிறது. காந்திபுரம், லட்சுமி மில்ஸ் சிக்னல்களில் ஊர்ந்து 20 கி.மீ. சராசரியில் அதே தூரம் என்றால் 500 மணி நேரம். மீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

என் கருத்து: 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. வருடத்துக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கும் வருடக் கணக்கு உண்டு. வாரண்டிக்குள் இருக்கும் வண்டியில் கம்பெனி சொன்ன இடைவெளியைத் தாண்டவே கூடாது.

ஆயில் குறையுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். என் வண்டியில லெவல் ஏறுது! யாராச்சும் ஊத்தினாங்களா?

டீசலா? அப்படியானால் ஊற்றியது எஞ்சினேதான். டி.பி.எஃப். தன்னைச் சுத்தம் செய்யச் சூடு வேண்டும். அதற்காகக் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். பாதியில் வண்டியை நிறுத்திவிட்டால் எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு என்றே ஓட்டும் ஒரு டாக்டரின் வண்டியில் டிப்ஸ்டிக்கை எடுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே ஈரம், துணியில் துடைத்தால் பங்க் வாசனை. விரலிடுக்கில் தேய்த்தால் ஆயிலுக்குரிய வழவழப்பே இல்லை.

அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும். அப்புறம் வாரம் ஒரு முறை அவிநாசி பைபாஸில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டச் சொன்னேன். டீசல் வண்டியை அவ்வளவு சின்னத் தூரத்துக்கு வாங்கியதே தவறு என்பதைச் சொல்லவில்லை, வாங்கியாகிவிட்டது.

புது ஆயில் ஊத்தி ரெண்டு நாள்ல கருப்பாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

டீசலில் அது இயல்பு. கரியைத் தன்னுள் பிடித்து வைப்பது ஆயிலின் வேலை. நிறத்தை வைத்து ஆயிலை எடை போடாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் 508 00 ஆயில் பச்சையாகவே வரும். அது அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயம்.

ஷோரூம் ஆயிலை யாருதான் செய்றாங்க? அதே ஆயிலை வெளியே வாங்கலாமா?

கார் கம்பெனி ஆயில் காய்ச்சுவதில்லை. பிஎம்டபிள்யூ பெயரில் வரும் ஆயிலை முன்பு காஸ்ட்ரால் செய்தது, 2015-இல் அந்த வேலை ஷெல்லுக்குப் போனது. போர்ஷே 1996 முதல் மொபில் 1-உடன் கைகோத்திருக்கிறது. ஃபெராரிக்கு ஷெல். ஜாகுவார் லேண்ட்ரோவர் காஸ்ட்ராலைப் பரிந்துரைக்கும். பென்ஸின் பந்தயக் காரில் 2010 முதல் பெட்ரோனாஸ் பெயர் ஓடுகிறது. இவையெல்லாம் வியாபார ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் மாறிய மறுநாள் உங்கள் எஞ்சினின் தேவை மாறிவிடாது. (காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது என்று சொன்னால் என் மெக்கானிக் பையன் இன்னும் நம்புவதில்லை.)

ஆயில்தான் தொழில் என்று இருப்பவர்களும் உண்டு: ஜெர்மனியின் உல்ம் நகரத்து லிக்வி மோலி, மான்ஹைமின் ஃபுக்ஸ், பிரான்சின் மோட்டுல். எதை வாங்குவது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். மேலே சொன்ன எண் அப்ரூவல் தலைப்பில் இருக்கிறதா, நம்பகமான கடையில் உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பிராண்ட் உங்கள் விருப்பம்.

ஆன்லைன்ல லிட்டருக்கு 300 ரூபா கம்மியா கிடைக்குது. வாங்கிட்டு வரட்டுங்களா?

விற்பவர் யார் என்று பாருங்கள். கம்பெனியின் சொந்தக் கடையோ அங்கீகரித்த விநியோகஸ்தரோ என்றால் சரி. பெயர் தெரியாத விற்பனையாளர் என்றால் வேண்டாம். போலி ஆயிலுக்குப் புது டப்பா அச்சடிக்கவே தேவையில்லை. நல்ல பிராண்டின் காலி டப்பாவைப் பழைய சாமான் கடையில் வாங்கி நிரப்பினால் போதும்.

ஒருவர் கொண்டுவந்த டப்பாவைத் திறக்கும்போது மூடியின் வளையம் ‘டக்’ என்று அறுபடவில்லை, சுழன்றுகொண்டே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கழுத்தின் உள்பக்கம் பழைய ஆயிலின் பழுப்புக் கறை. அடியில் இருந்த பேட்ச் எண்ணும் லேபிள் எண்ணும் வேறு வேறு. பணம் அவருக்குத் திரும்பி வரவில்லை, எஞ்சின் தப்பியது. அன்றிலிருந்து என் கடையில் காலி டப்பாவை டிரில்லால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்புகிறோம். நீங்கள் வேறு எங்கே மாற்றினாலும் டப்பா உங்கள் கண்ணெதிரே திறக்கப்பட வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும்.

வெளியே ஆயில் மாத்தினா வாரண்டி போயிடும்னு சொல்றாங்களே?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது தீர்ப்பளித்தது. வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி மொத்தமும் ரத்து என்ற பொத்தாம் பொதுவான நிபந்தனை கூடாது என்பது அதில் ஒன்று. அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். எஞ்சினில் பெரிய கோளாறு வந்தால் ‘தவறான ஆயில்’ என்பதுதான் முதல் சந்தேகமாக வரும். வாரண்டி இருக்கும்வரை ஷோரூமிலேயே மாற்றுங்கள் என்று என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்.

என் ஆடி 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குடிக்குது. கெட்டி ஆயில் ஊத்தினா நிக்குமா?

1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று ஆடியின் மேனுவலே எழுதியிருக்கும், ஆகவே ‘கோளாறு’ என்று நீங்கள் ஷோரூமில் சாதிப்பது சிரமம். 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சினில் 2009–2011 ஏ4, ஏ5 வண்டிகளுக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்து, சமரசமும் ஆனது. காரணம் பிஸ்டன் வளையங்கள். வளையம் தேய்ந்ததைக் கெட்டி ஆயில் மறைக்கும், சரிசெய்யாது.

அனுமதித்த வரம்புக்குள் 5டபிள்யூ-40-க்கு மாறிப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு பழுதானாலும் ஆயில் போகும், அதைச் சோதிப்பது மலிவு. அதுவரை ஒரு லிட்டரை டிக்கியில் வைத்திருங்கள். ‘எஞ்சின் ஃப்ளஷ்’, ‘ஆயில் ட்ரீட்மென்ட்’ பாட்டில்களுக்கு என் பதில்: வேண்டாம். பல வருடக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

டிப்ஸ்டிக்கே இல்லைங்க, ஸ்கிரீன்ல பார்க்கச் சொல்றாங்க. நம்பலாமா?

நம்பலாம், அவசரப்படாமல் இருந்தால். பிஎம்டபிள்யூவில் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி அளக்கச் சொல்ல வேண்டும். ஆயில் மாற்றியதும் திரை பழைய அளவையே கொஞ்ச நேரம் காட்டுவது உண்டு. அதை நம்பிக் கூடுதலாக ஊற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. நாங்கள் அளவு ஜாடியில் ஊற்றிவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறோம். ஃபில்டர் மூடியில் எவ்வளவு முறுக்கலாம் என்ற அளவு ‘25 என்எம்’ என்று அச்சிட்டே இருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் அடுத்த முறை பிளாஸ்டிக் மூடி விரியும். ஓ-ரிங்கும் டிரெயின் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டி ஆயில் லைட் வந்துடுச்சு. என் எண் எங்கயும் இல்ல. எதையாச்சும் ஊத்தலாமா?

முதலில் விளக்கின் நிறம் என்ன? சிவப்பு என்றால் ஆயில் அழுத்தம் போய்விட்டது. ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள், இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்ட வேண்டாம். லெவல் சரியாக இருந்தும் சிவப்பு போகாவிட்டால் டோவிங் வண்டிதான்.

மஞ்சள் என்றால் லெவல் குறைவு, நேரம் இருக்கிறது. தரமான ஆயில்கள் ஒன்றோடொன்று கலந்து கெட்டுப்போகாது. கிடைப்பதில் ஏ.சி.இ.ஏ. சி3 இருந்தால் அது, இல்லாவிட்டால் நல்ல பிராண்டின் 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40. அரை லிட்டர் ஊற்றி, அளந்து பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு அரை. பல வண்டிகளில் மினிமம் கோட்டுக்கும் மேக்சிமம் கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர்தான். எந்த ஆயில், எவ்வளவு என்று பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். ஊருக்கு வந்ததும் அதைக் காட்டினால் முழு ஆயிலையும் மாற்ற வேண்டுமா, அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா என்று சொல்லிவிடுவேன்.